நான்கு புள்ளி

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதனை எதிர்பார்த்தனர் என்பதை யாம் அறிவோம். சங்கச் செய்யுளில் ஒரு துறை, நாவலர் பெருமானின் உரைநடை, சைவமும் தமிழும் என்றாற்போல்வன. அவற்றை எழுத எம்மினும் தக்கார் இம்மலரிலேயே உளர். யாம் எழுதப் புகுவது பௌதிகவியல் பற்றி. பயிற்றப்பட்ட தமிழாசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று விஞ்ஞான ஆசிரியர்கள் நகைப்பராயின் அது நியாயமே. ஆயினும் அத்துறைக்கு யாம் பட்ட கடன் ஒன்று உண்டு. கடன் நான்கு புள்ளி.

2006 ஆம் ஆண்டின் முற்பகுதி. தமிழ்த் தினப் போட்டிக்கு மாணவரைத் தெரிவு செய்யும் பொருட்டுக் கல்லூரி மட்டத்திலே கட்டுரைப் போட்டி ஒன்று நடைபெற்றது. யாம் பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்து அதிக காலம் ஆகவில்லை. சிவப்பு மையிலே எமக்கு அளவு கடந்த நம்பிக்கை இருந்த காலம் அது. தலைப்பு ‘ஞாயிறு’. மாணவரிற் பலர் ஞாயிற்றை வணங்கித் தொடங்கித் தைப்பொங்கலில் முடித்திருந்தனர். ஒருவன் மட்டும் வேறு வழி சென்றிருந்தான். ஞாயிற்றிலிருந்து ஒளி மாத்திரமன்றி நியூத்திரினோ என்னும் நுண்டுணிக்கைகளும் புறப்படுகின்றன. அவை எம் உடலினூடே ஓயாது செல்கின்றன. அவற்றுக்கு மிகச் சிறியதொரு திணிவு உண்டு என்று எழுதியிருந்தான். நடை நன்று, பிழையும் குறைவு. பொருளில் எமக்கு ஐயம் எழுந்தது. நூலகத்திலே மேலட்டை கிழிந்த பழைய விஞ்ஞான நூல் ஒன்றைத் தேடி எடுத்தோம். நியூத்திரினோவின் திணிவு பூச்சியம் என்று அதிலே அச்சாகியிருந்தது. அச்சிலே கண்டதற்கு மேல் சான்று வேண்டுமோ? ஓரத்தில் ‘பொருட்குற்றம்’ என்று எழுதி நான்கு புள்ளியைக் குறைத்தோம். அவன் மூன்று புள்ளியால் இரண்டாமிடத்துக்கு வந்தான். முதலிடம் பெற்றவனின் பெயரே மேலே அனுப்பப்பட்டது.

விடைத்தாளைக் கையிற் பிடித்தபடி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

“சேர், அதுக்குத் திணிவு இருக்குது.”

“எவ்வளவு?”

“எவ்வளவெண்டு ஒருத்தருக்கும் தெரியாது சேர். ஆனால் பூச்சியமில்லை.”

அளவு தெரியாத ஒன்றை உண்டு என்று எழுதலாகாது தம்பி என்று அறிவுரை கூறி அனுப்பி வைத்தோம். சில நாளின் பின் தேநீர் வேளையில் பௌதிகவியல் ஆசிரியரிடம் இதனை ஒரு வேடிக்கை போலச் சொன்னோம். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “பெடியன் சரியாத்தான் எழுதியிருக்கிறான், மாஸ்ரர். உங்கடை புத்தகம்தான் பழசு. அது 1998 இலை மாறிப்போச்சு” என்றார். பெயர்ப் பட்டியல் அப்பொழுது போய்விட்டது. யாம் அவனை அழைத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புள்ளி குறைத்தது அறியாமை. வாய் திறவாதிருந்தது அறியாமையன்று.

அந்தத் தேநீர் வேளைக்குப் பின்னரே இத்துணிக்கையைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். அகராதி ஒருபுறம், பொறுமை மிக்க அப்பௌதிகவியல் ஆசிரியர் மறுபுறமாக, விட்டு விட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. கணிதம் எமக்குக் கைவரவில்லை. கதை கைவந்தது.

கதை ஒரு கணக்கு வழக்கிலே தொடங்குகிறது. கதிர்த்தொழிற்பாடுடைய சில அணுக்களின் கரு தானாக மாறி ஓர் இலத்திரனை வெளியே வீசும். இதனைப் பீற்றாத் தேய்வு என்பர். தேய்வின் முன்னுள்ள சக்தியும் பின்னுள்ள சக்தியும் ஒத்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் வெளிவரும் இலத்திரன் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சக்தியோடு வருதல் வேண்டும். அது அவ்வாறு வரவில்லை. ஒருகால் மிகுதியாக, ஒருகால் குறைவாக, ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவில் வந்தது. கோயிற் கணக்கிலே வரவுக்கும் இருப்புக்கும் இடையே நாள்தோறும் வெவ்வேறு தொகை துண்டுவிழுவது போன்ற நிலை. பேரறிஞர் நீல்ஸ் போர் கூடச் சக்திக் காப்பு விதியையே கைவிட நேருமோ என்று எண்ணினார். 1930 டிசம்பர் 4 ஆம் நாள் வுல்ப்காங் பௌலி, யேர்மனியிலே தூபிங்கன் நகரிற் கூடிய அறிஞர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். ஏற்றமில்லாததும் எதிலும் எளிதில் அகப்படாததுமான ஒரு துணிக்கை மிகுதிச் சக்தியைக் கொண்டு போகிறது போலும் என்பது அதன் சாரம். தாம் நேரில் வரமுடியாமைக்குச் சூரிச் நகரில் நடைபெறும் நடன விழா ஒன்றைக் காரணங் காட்டியிருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். விஞ்ஞானிகள் யாவரும் உணர்ச்சியற்ற மரக்கட்டைகள் என்று எண்ணும் மாணவர்க்கு இது பயன்படும்.

பௌலி அதனை நியூத்திரன் என்றே அழைத்தார். 1932 இல் சட்விக் என்பார் கருவினுள்ளே வேறொரு பெரிய துணிக்கையைக் கண்டுபிடிக்கவே, அப்பெயர் அதற்குப் போயிற்று. இத்தாலியரான என்றிக்கோ பெர்மி முதலியோர், தம் மொழியிற் சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்த்துச் சின்னஞ்சிறிய நொதுமல் என்ற கருத்தில் நியூத்திரினோ என்று வழங்கினர். இவ்விடத்திலே தமிழாசிரியனின் காது கூர்மையாயிற்று. நடுவுநிலைமைக்கு உரை வகுக்கப் புகுந்த பரிமேலழகர், பகை, நொதுமல், நண்பு என மூன்று திறம் கூறுவர். பகையுமின்றி நட்புமின்றி, நேரே வந்து நேரே போகும் அயலாரே நொதுமலர். இத்துணிக்கைக்கு இதனினும் பொருத்தமான சொல் எம்மொழியில் இல்லை. ‘நொதுமற் குஞ்சு’ என்று ஒரு கலைச்சொல்லை ஆக்கிப் பௌதிகவியல் ஆசிரியரிடம் காட்டினோம். அவர் சிரித்த சிரிப்பில் அதனைக் கைவிட்டோம். ஆதலால் இக்கட்டுரையில் நியூத்திரினோ நியூத்திரினோவாகவே இருக்கிறது.

அது எத்துணை நொதுமலர் என்பதற்கு ஓர் அளவு. எமது பெருவிரல் நகத்தளவான இடத்தினூடே ஞாயிற்றின் நியூத்திரினோக்கள் ஒவ்வொரு செக்கனும் ஏறக்குறைய 6,500 கோடி செல்கின்றன. இரவிலும் அவை குறைவதில்லை; பூமியை ஊடுருவிக் கொண்டு கீழேயிருந்து மேலே வருகின்றன. நள்ளிரவிலே பாயில் படுத்திருப்பவனை முதுகுப் பக்கமாகத் துளைத்துச் செல்லும் ஞாயிற்றுக் கதிர் என்று இதனை ஒரு புலவனிடம் சொன்னால் அவன் நம்பமாட்டான். பாட்டு மட்டும் எழுதிவிடுவான்.

இத்தகையதைப் பிடித்தது 1956 இல். அமெரிக்காவில் சவன்னா ஆற்றங்கரையிலுள்ள அணு உலை ஒன்றின் அருகே றைனஸ், கவன் என்னும் இருவர் அதன் தடத்தைக் கண்டு பௌலிக்குத் தந்தி அடித்தனர். அதற்கு மேல், வானத்திலே விண்கதிர்களால் உண்டாகும் நியூத்திரினோக்களைப் பிடிக்க அறிஞர்கள் ஆழமான சுரங்கங்களுள் இறங்கினர்; மேலேயுள்ள பாறை ஏனைய துணிக்கைகளைத் தடுத்துவிடும். 1965 இலே அவ்வகை நியூத்திரினோ இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே காலத்திலே அகப்பட்டது. ஒன்று தென்னாபிரிக்கப் பொற்சுரங்கம். மற்றது கோலார் தங்கவயல். அங்கே நிலத்தின் கீழ் ஏறக்குறைய 2,300 மீற்றர் ஆழத்தில் பம்பாய் தாதா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஒசாக்கா, டேர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவி வைத்திருந்தனர். அச்சுரங்கத்திலே உழைத்தவர்களிற் பெருந்தொகையினர் தமிழ்நாட்டு வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவர்கள் பொன்னுக்காகத் தோண்டிய குழியிலே வேறொன்றும் கிடைத்தது. அச்சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது.

இனி, திணிவு. எம்மைக் குற்றவாளியாக்கிய இடம் இது. ஆதலின் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் தென் டக்கோற்றாவிலுள்ள ஹோம்ஸ்ரேக் பொற்சுரங்கத்தில், 1960 களின் பிற்பகுதியிலே, றேமண்ட் டேவிஸ் என்பார் உலர்சலவைக்குப் பயன்படும் திரவத்தை ஏறக்குறைய 3,80,000 லீற்றர் கொண்ட தொட்டி ஒன்றை நிறுவினார். ஞாயிற்றின் நியூத்திரினோ ஒன்று அத்திரவத்திலுள்ள குளோரீன் அணு ஒன்றைத் தாக்கினால் அது ஆகன் அணுவாகும். அத்தனை பெரிய தொட்டியிலே இரண்டு நாளுக்கு ஓர் அணு என்ற வீதத்தில் உண்டான ஆகனை வடித்தெடுத்து எண்ணினார் அவர். எண்ணினால், ஜோன் பாகால் என்னும் அறிஞர் கணித்த தொகையில் மூன்றில் ஒரு பங்கே இருந்தது. டேவிஸ் எண்ணத் தெரியாதவர் என்றனர் சிலர். பாகாலுக்கு ஞாயிற்றைத் தெரியாது என்றனர் வேறு சிலர். முப்பது ஆண்டுக்கு மேல் இருவரும் தத்தம் எண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தபடி இருந்தனர். முடிவில் இருவரும் சரி.

எங்ஙனம்? நியூத்திரினோவில் இலத்திரன் வகை, மியூவன் வகை, தௌ வகை என மூவகை உண்டு. டேவிஸின் தொட்டி முதல் வகையை மாத்திரம் அறியும். ஞாயிற்றிலிருந்து முதல் வகையாகப் புறப்பட்டவை வழியிலே மற்றை வகைகளாக மாறிவிட்டன. கனடாவில் சட்பரி நகருக்கு அண்மையில், நிலத்தின் கீழ் இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் 1,000 தொன் பார நீர் கொண்டு அமைத்த கருவி மூன்று வகையையும் சேர்த்து எண்ண வல்லது. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் அதன் முடிவு வெளியாயிற்று: மொத்தம் பாகால் சொன்னது போலவே. அதற்கு முன்னரே, 1998 யூனில், யப்பானின் கமியோக்கா சுரங்கத்திலே 50,000 தொன் நீர் கொண்ட சூப்பர் கமியோக்காண்டே கருவியினர், வானத்தில் உண்டாகி மேலிருந்து வரும் மியூவன் வகையினும் பூமியைக் கடந்து கீழிருந்து வருபவை ஏறக்குறைய அரைப்பங்காகக் குறைந்திருக்கக் கண்டு, நீண்ட வழியிலே அவை மாறுகின்றன என்று நிறுவியிருந்தனர். கஜித்தா, மக்டொனால்ட் என்னும் இருவருக்கு இதற்காக 2015 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

வகை மாறினால் திணிவு உண்டு என்பது எப்படி என்று யாம் பௌதிகவியல் ஆசிரியரைப் பல நாள் தொல்லைப்படுத்தினோம். அவர் கரும்பலகையில் எழுதியது எமக்கு விளங்கவில்லை. விளங்கியது கோயில் வீதியிலே. திருவிழா இரவொன்றில் இரண்டு நாதசுரங்கள் சேர்ந்து ஒரு சுரத்தை நீள ஊதின. இரண்டின் சுருதியும் இம்மியளவு வேறுபட்டிருந்தது போலும். நாதம் பொங்குவதும் அடங்குவதுமாக ஒரு விம்மல் எழுந்தது. இதனைப் பௌதிகவியலார் அடிப்பு என்பர். சுருதி முற்றிலும் ஒன்றாயின் விம்மல் இல்லை. விம்மல் கேட்டால் வேறுபாடு உண்டு. நியூத்திரினோவும் அத்தகையது. அதனுள்ளே வெவ்வேறு திணிவுடைய மூன்று அலைகள் கலந்து செல்கின்றன. அவற்றின் விம்மலே வகைமாற்றம். மூன்றின் திணிவும் பூச்சியமாயின் வேறுபாடு ஏது, விம்மல் ஏது? ஆகவே எல்லாம் பூச்சியமாக இருத்தல் இயலாது. ஆனால் விம்மலைக் கேட்டு இரண்டு சுருதிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லலாமேயன்றி, சுருதி எது என்று சொல்ல முடியாது.

எவ்வளவு என்று தெரியாது, ஆனால் பூச்சியமில்லை. வாசலில் நின்ற பதினாறு வயதுப் பையன் சொன்னதற்கு மேல் ஓர் எழுத்துக் கூட அன்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

அளவை நேரே காணும் முயற்சி யேர்மனியின் கால்ஸ்றூ நகரில் நடந்தது. திரித்தியம் என்னும் வாயுவின் பீற்றாத் தேய்விலே இலத்திரன் பெறக்கூடிய உச்சச் சக்தியை நுணுக்கமாக அளந்தால், நியூத்திரினோ தன் திணிவுக்காக எவ்வளவைத் தன்னிடம் வைத்துக்கொண்டது என்பது புலப்படும். பௌலியின் பழைய கணக்கேட்டையே மீண்டும் திறந்து, கடைசிச் சதம் வரை பார்ப்பது போன்றது இது. இதற்கென 200 தொன் எடையும் 10 மீற்றர் விட்டமும் கொண்ட உருக்குக் கலம் ஒன்று டெக்கன்டோர்வ் என்னும் ஊரிலே செய்யப்பட்டது. அங்கிருந்து கால்ஸ்றூ ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வீதியும் பாலமும் அதன் பருமனைத் தாங்கா. ஆதலால் தன்யூப் ஆற்றில் ஏற்றி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் சுற்றி, றைன் ஆற்றினால் மேலேறி, ஏறக்குறைய 9,000 கிலோமீற்றர் கொண்டு சென்று சேர்த்தனர். அது போய்ச் சேர்ந்தது 2006 நவம்பரில். அதே மாதங்களில் ஏ9 வீதி மூடப்பட்டு, எமக்கும் அரிசியும் மாவும் கப்பலிலேதான் வந்துகொண்டிருந்தன. எம் ஊரிலே ஒரு பையனுக்குப் பொருட்குற்றம் எழுதிய அவ்வாண்டிலேயே, அப்பொருளை நிறுக்கும் தராசு கடலிலே போய்க்கொண்டிருந்தது என்று பின்னர் அறிந்தபோது எமக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அந்தத் தராசு 259 நாள் அளந்ததை ஆராய்ந்து 2025 ஏப்ரலில் வெளியிட்ட முடிவு இது: நியூத்திரினோவின் திணிவு 0.45 இலத்திரன்வோற்றுக்கு மேற்பட்டதன்று. இலத்திரனின் திணிவோ 5,11,000 இலத்திரன்வோற்று. அதிலே பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இது மேலெல்லை மாத்திரமே. கீழெல்லையை விம்மல் தருகிறது: மூன்றினுள் ஒன்றாவது 0.05 இலத்திரன்வோற்றேனும் இருத்தல் வேண்டும். மூன்றையும் கூட்டினால் 0.06 க்குக் குறையாது.

வானியலார் வேறு வழியாக வந்து இதே இடத்திலே முட்டி நிற்கின்றனர். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் உண்டான நியூத்திரினோக்கள் இன்றும் ஒவ்வொரு கன சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 300 உள்ளன. அவற்றுக்குத் திணிவு உண்டாயின், விண்மீன் கூட்டங்கள் திரளும் வேகம் சற்றே தளரும். அரிசோனாவின் கிற் பீக் மலையிலிருந்து கோடிக்கணக்கான விண்மீன் கூட்டங்களின் தூரத்தை அளப்போர் 2025 மார்ச்சில் தம் கணக்கை வெளியிட்டனர். வழக்கமான பிரபஞ்சக் கொள்கைப்படி பார்த்தால், மூன்றின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 0.06 ஐ மேவக்கூடாது என்கிறது அக்கணக்கு. நிலம் 0.06 க்குக் குறையாது என்கிறது, வானம் 0.06 க்குக் கூடாது என்கிறது. இடையே மூச்சுவிட இடமில்லை. சில கணிப்புகள் பூச்சியத்துக்குக் கீழேயே சாய்கின்றனவாம்! பூச்சியத்திற் குறைந்த திணிவு என்று ஒன்றில்லை. ஆதலால் வானக்கணக்கிலே ஏதோ ஒன்று தவறு. பிரபஞ்சத்தை விரியச் செய்யும் கரும் சக்தி மாறாதது என்ற எண்ணமே பிழையோ என்று ஐயுறுவோர் உளர். எமக்கு டேவிஸும் பாகாலும் நினைவுக்கு வருகின்றனர்.

மூன்றினுள் எது கனமானது என்பதும் தெரியாது. அதனை அறியவெனச் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலே 20,000 தொன் திரவம் நிறைந்த கோளம் ஒன்று 2025 ஆகஸ்ற் 26 ஆம் நாள் வேலை தொடங்கியது. நியூத்திரினோவும் அதன் எதிர்த்துணிக்கையும் ஒன்றுதானோ என்பது 1937 இல் மயோறானா என்னும் இத்தாலிய இளைஞர் எழுப்பிய வினா. மறு ஆண்டிலே அவர் பலெர்மோவிலிருந்து கப்பலேறிக் காணாமற் போனார். வினா இன்னும் இருக்கிறது. சடப்பொருளும் எதிர்ச்சடப்பொருளும் ஒன்றையொன்று அழித்துவிடாது யாம் எல்லோரும் எஞ்சியது எப்படி என்பதற்கு விடை அதிலே இருக்கலாம் என்பர்.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும் 50,000 தொன் இரும்புக் காந்தத்தோடு ஓர் ஆய்வுகூடம் அமைக்க இந்திய நடுவண் அரசு 2015 இல் இசைந்தது. ஊரவர் எதிர்த்தனர், 2022 இல் தமிழ்நாட்டு அரசும் உச்ச நீதிமன்றத்திலே மறுத்துரைத்தது, அது கட்டப்படவில்லை. நியூத்திரினோவால் தீங்கு என்று பரப்பியது வெறும் புரளி. மலையைக் குடைதல் பற்றிய அச்சம் புரளியன்று. இரண்டையும் பிரித்துச் சொல்லும் தமிழ் எழுத்துக்கள் அக்காலத்திலே போதிய அளவு இருந்தனவா என்று, பொருட்குற்றம் எழுதியவன் என்ற முறையில், எம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

அந்த மாணவன் இப்பொழுது கடல்கடந்து ஓர் எந்திரவியலாளனாக இருக்கிறான். சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு வந்திருந்தான். மண்டபத்தின் பின்வரிசையிலே தனியே இருக்கக் கண்டு, அருகிற் சென்று அமர்ந்து, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாதிருந்ததைச் சொன்னோம். நீ எழுதியது சரி, யாம் குறைத்தது பிழை, அது சில நாளிலேயே எமக்குத் தெரியும் என்று. அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “எனக்குத் தெரியும் சேர். பிசிக்ஸ் சேர் அப்பவே சொன்னவர். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தனான்” என்றான். சற்றுப் பொறுத்து, “ஆனால் நாலில்லை சேர். ஆறு” என்றும் சொன்னான். யாம் நான்கு என்றோம். அவன் ஆறு என்றான். அலுமாரியில் உள்ள பதிவேட்டிலே மொத்தப் புள்ளி மாத்திரமே இருக்கிறது, விடைத்தாள் இல்லை.

இக்கட்டுரையை மலர்க் குழுவுக்குக் கொடுக்குமுன் அவனுக்கே அனுப்பினோம். நான்கு நாளில் திரும்பி வந்தது. சிவப்பு நிறத்திலே மூன்று திருத்தம் செய்திருந்தான். இரண்டு விஞ்ஞானம். மூன்றாவது, ஓரிடத்திலே யாம் இடத் தவறிய ஒற்று. மூன்றையும் ஏற்றுக்கொண்டோம்.